மூச்சும் முகத்துணியும்

"சாமி, இந்தத் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு வேகமாக நடந்தால், விட்ட மூச்சையே திரும்ப இழுத்து மனிதன் மயங்கி விழுந்துவிடுவான் என்கிறார்களே, அது உண்மையா?"

2020ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு மாலைப்பொழுது எங்கள் பங்கின் உபதேசியார் என்னிடம் இவ்வாறு கேட்டார். அவருக்கு அப்போது வயது 62. இருபத்தாறு ஆண்டுகளாகக் கோயில் மணியடித்து, சிறுவர்களுக்கு மறைக்கல்வி கற்பித்து, சாவு வீடுகளில் செபம் சொல்லி, எனக்கு முன்பிருந்த ஆறு பங்குத் தந்தையரையும் கண்டவர் அவர். வீண் கேள்வி கேட்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அவர் ஒன்றைக் கேட்டால் அதற்குப் பின்னால் ஏதோ இருக்கும். இதை அன்று நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. அந்தக் குறையை மறைக்காமல் சொல்லவும், அதனால் நான் கற்றுக்கொண்டதை உங்கள் குடும்பங்களுக்குப் பயன்படுமாறு எடுத்துரைக்கவுமே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அந்த நாள்களை எவரும் மறந்திருக்க முடியாது. 2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. கோயில் கதவுகள் மூடப்பட்டன. மாதங்கள் பல கடந்து, செப்டம்பர் முதல் நாள் முதல் தமிழகத்தில் வழிபாட்டு இடங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, மக்கள் ஒருவரையொருவர் கண்களால் மட்டுமே அடையாளம் காண வேண்டியிருந்தது. மூக்கும் வாயும் துணிக்குள் ஒளிந்திருந்தன. தையற்காரர்கள் மீந்த துணிகளைக் கொண்டு முகக்கவசம் தைத்து விற்றார்கள். எங்கள் பங்கின் தாய்மார் சங்கத்தாரும் பழைய வேட்டிகளைக் கிழித்து மூன்று மடிப்பாகத் தைத்து ஏழைகளுக்கு வழங்கினார்கள்.

எனக்கு நீரிழிவு நோய் உண்டு. நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடக்க வேண்டும் என்பது என் மருத்துவரின் கட்டளை. வெளியே நடக்க இயலாத அந்நாள்களில் கோயில் வளாகத்தையே சுற்றி வந்தேன். என்னைக் கண்டு உபதேசியாரும், பின்னர்ப் பாடகர் குழு இளைஞர் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். எல்லாரும் முகக்கவசம் அணிந்தே நடந்தோம். அவ்வேளையில்தான், கைப்பேசியில் எவரோ அனுப்பிய செய்தி ஒன்று ஊரெங்கும் பரவியது. முகத்தை மூடிக்கொண்டு உடற்பயிற்சி செய்தால் கரியமில வாயு உள்ளேயே தங்கி, பிராணவாயு குறைந்து, உயிருக்கே ஆபத்து நேரும் என்றது அச்செய்தி. உபதேசியாரின் கேள்விக்கு இதுவே தோற்றுவாய் என்று நான் எண்ணிக்கொண்டேன்.

நான் செய்த சோதனை

குருமடத்தில் பயின்ற காலத்தில், ஒரு கூற்றை மறுப்பதற்கு முன் அதைச் சரிவரப் புரிந்துகொள்ள வேண்டும் என்று எங்கள் தத்துவப் பேராசிரியர் அடிக்கடி சொல்வார். ஆகவே நான் ஒரு சிறு சோதனை செய்து பார்க்கத் துணிந்தேன். எங்கள் ஊரில் கன்னியர் நடத்தும் மருந்தகத்திலிருந்து, விரல் நுனியில் மாட்டி இரத்தத்திலுள்ள பிராணவாயுவின் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் கருவியை இரவலாகப் பெற்றேன். அது காட்டும் எண் 95க்கு மேல் இருந்தால் நலம் என்பது அக்காலத்தில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி.

கோயிலை ஒருமுறை சுற்றினால் ஏறத்தாழ 150 மீட்டர். இடைவெளி விட்டுத் தனித்தனியாக, முகக்கவசமின்றிப் பத்துச் சுற்று. பிறகு அரைமணி நேரம் ஓய்வு. பிறகு துணிக் கவசத்துடன் பத்துச் சுற்று. இதுவே நாங்கள் வகுத்த முறை. நால்வரின் எண்களையும் ஒரு பழைய குறிப்பேட்டில் எழுதினேன்.

கவசத்தோடு நடந்தபோது எனக்கு நேர்ந்ததை அப்படியே சொல்கிறேன். முதல் இரண்டு சுற்றுகளில் வேறுபாடே தெரியவில்லை. மூன்றாம் சுற்றில் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஐந்தாம் சுற்றில் மேலுதட்டைச் சுற்றி வெந்நீர்ப் பானையின் முன் முகத்தை நீட்டியதுபோல் வெப்பம் உண்டாயிற்று. ஏழாம் சுற்றில் துணி நனைந்துவிட்டது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் அது உதட்டோடு வந்து ஒட்டியது. அதைப் பிடுங்கி எறிய வேண்டும் என்ற ஆத்திரம் எழுந்தது. மூச்சு முட்டுகிறது என்றே நம்பினேன். பத்தாம் சுற்று முடிந்து கருவியை மாட்டிப் பார்த்தால், 97! கவசமின்றி நடந்தபோதும் அதே 97. நாடித்துடிப்பு மட்டும் 108 இருந்த இடத்தில் 114 ஆகியிருந்தது. இளைஞர் இருவருக்கும் ஏறத்தாழ இதே கதை. உபதேசியாருக்குக் கவசமின்றி 97, கவசத்தோடு 96.

கோயில் வளாகத்தைப் பெருக்கும் அம்மையார் இவற்றையெல்லாம் பார்த்துக்கொண்டே நின்றார். "சாமி, களத்தில் நெல் தூற்றும்போது முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு பகல் முழுதும் நிற்போம். மூச்சு முட்டும், புழுங்கும், விழுந்தவர் யாருமில்லை" என்றார். என் குறிப்பேட்டைவிட அவருடைய சொல்லுக்கு அன்று கூடுதல் மதிப்பு கிடைத்தது.

நான் வெற்றிக் களிப்போடு உபதேசியாரைப் பார்த்துச் சொன்னேன்: "பார்த்தீரா? மூச்சுக் குறையவில்லை, குறைவதுபோல் தோன்றுகிறது, அவ்வளவே. நாலு நாள் பழகினால் சரியாகிவிடும்." அவர் தலையை ஆட்டினார். "சரி, சாமி" என்றார்.

மூச்சின் கணக்கு

குறையாத மூச்சு குறைவதுபோல் ஏன் தோன்ற வேண்டும்? இதை விளங்கிக்கொள்வது அரிதன்று.

அமைதியாக அமர்ந்திருக்கும் மனிதன் ஒரு நிமிடத்தில் ஏறத்தாழ 14 முறை மூச்சு விடுகிறான். ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் காற்று உள்ளே போகிறது. ஆக, நிமிடத்துக்கு 7 லிட்டர். விரைந்து நடக்கும்போது இது 30 லிட்டர் அளவுக்கு உயர்கிறது. முழு வலிமையோடு ஓடும் இளைஞனுக்கு 100 லிட்டருக்கு மேலும் வேண்டியிருக்கும். 7 லிட்டர் காற்று ஒரு துணியின் ஊடே போய்வருவது வேறு. 100 லிட்டர் போய்வருவது வேறு. வாய்க்காலில் மெல்லச் செல்லும் நீருக்குத் தடையாகத் தெரியாத புல், வெள்ளம் பாயும்போது எதிர்த்து நிற்கிறதல்லவா? அதுபோலத்தான் இதுவும். ஓய்வில் நாம் உணராத துணியின் தடை, உழைப்பின்போது உணரப்படுகிறது. விலாத் தசைகளும் உதரவிதானமும் சற்றுக் கூடுதலாக இழுக்க வேண்டியிருக்கிறது.

கரியமில வாயு உள்ளே தங்கிவிடும் என்ற அச்சத்தையும் பார்ப்போம். நாம் இழுக்கும் காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு. வெளிவிடும் காற்றிலும் அது 16 விழுக்காடு எஞ்சியிருக்கிறது. வெளிவிடும் காற்றில் கரியமில வாயு 4 விழுக்காடு அளவில் உண்டு. கவசத்துக்கும் முகத்துக்கும் இடையே தங்கும் சிறிதளவு காற்றை நாம் திரும்ப இழுப்பது மெய்யே. ஆனால் கவசம் இல்லாதபோதும் இது நடக்கிறது! ஒவ்வொரு மூச்சிலும் ஏறத்தாழ 150 மில்லி லிட்டர் காற்று நுரையீரலின் நுண்ணறைகளை எட்டாமல் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்று, மறுமுறை திரும்பி வருகிறது. இறைவன் படைத்த உடல் இந்தக் கணக்கை அறிந்தே இயங்குகிறது. கவசம் இக்கணக்கில் சிறிதைக் கூட்டுகிறது. மூளையின் அடித்தண்டிலுள்ள நரம்பு மையம் உடனே அதை உணர்ந்து, மூச்சைச் சற்று ஆழமாக்கிச் சரிசெய்துவிடுகிறது. அன்றியும், வாயுக்களின் மூலக்கூறுகளோடு ஒப்பிட்டால் துணியின் இழைகளுக்கு இடையேயுள்ள துளைகள் கோட்டை வாயில்களைப் போன்றவை. நாம் பேசும்போதும் இருமும்போதும் தெறிக்கும் எச்சில் துளிகளில் பலவற்றைத் துணி தடுக்கிறது, காற்றைத் தடுப்பதில்லை.

அப்படியானால் அந்தத் தவிப்பு எங்கிருந்து வருகிறது? முகத்தின் தோலிலிருந்து வருகிறது என்றால் வியப்பாயிருக்கும். மூக்கையும் உதட்டையும் சுற்றியுள்ள நரம்புகள் குளிர்ந்த காற்றின் ஓட்டத்தை உணர்ந்து, காற்று தாராளமாக வருகிறது என்று மூளைக்குச் செய்தி சொல்கின்றன. மூச்சுத்திணறும் நோயாளியின் முகத்துக்கு நேரே விசிறினால் அவருக்கு ஆறுதல் உண்டாவதை நோயாளர் படுக்கையருகே நான் பலமுறை கண்டிருக்கிறேன். நுரையீரலுக்குள் போகும் காற்று அதனால் மிகுவதில்லை. முகம் குளிர்கிறது, தவிப்புத் தணிகிறது. முகக்கவசம் இதற்கு மாறானதைச் செய்கிறது. முகத்தைச் சூடான, ஈரமான காற்றால் மூடுகிறது. மூளையோ மூச்சுக்குத் தட்டுப்பாடு என்று கருதிக்கொள்கிறது. இதோடு வியர்வையும் சேர்ந்து துணியை நனைத்துவிட்டால் துளைகளை நீர் அடைத்துக்கொள்ளும். அப்போது தடையும் உண்மையிலேயே கூடும்; துணியின் காக்கும் திறனும் குறையும்.

அறிஞர்கள் கண்டவை

என் பத்துச் சுற்றுச் சோதனை அறிவியல் ஆகாது என்பதை நான் அறிவேன். முறைப்படி ஆராய்ந்தவர்கள் கண்டது என்ன?

கனடா நாட்டின் சஸ்காட்செவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஆண்கள் எழுவர், பெண்கள் எழுவர், ஆக 14 பேரை நிலையான மிதிவண்டியில் களைத்து ஓயும்வரை மிதிக்கச் செய்தார்கள். மும்மடித் துணிக் கவசத்தோடு ஒருமுறை, அறுவை மருத்துவர் அணியும் கவசத்தோடு ஒருமுறை, கவசமின்றி ஒருமுறை. அவர்கள் தாக்குப்பிடித்த நேரத்திலோ, இரத்தத்தின் பிராணவாயு அளவிலோ கவசத்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

அடுத்த ஆண்டு, 2021இல், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் நடந்த ஆய்வின் முடிவு வேறாக இருந்தது. நலமுள்ள 31 பேர் துணிக் கவசம் அணிந்தும் அணியாமலும் நடைப்பொறியில் தங்கள் ஆற்றலின் எல்லைவரை சென்றார்கள். கவசம் அணிந்தபோது அவர்கள் தாக்குப்பிடித்த நேரம் 14 விழுக்காடு குறைந்தது. உச்ச உழைப்பில் உடல் பயன்படுத்தும் பிராணவாயுவின் அளவு 29 விழுக்காடு குறைந்தது. வேகம் கூடக்கூட மூச்சுத்திணறலும், அடைத்து வைக்கப்பட்டதுபோன்ற உணர்வும் தங்களுக்கு மிகுந்ததாக அவர்கள் கூறினார்கள்.

இரண்டும் முரண்படுகின்றனவே என்று வாசகர்கள் மலைக்க வேண்டா. இரண்டுமே ஆற்றலின் எல்லையைத் தொட்டுப் பார்த்த ஆய்வுகள். அந்த எல்லையில் துணி தடையாகிறதா என்பதில் விடைகள் வேறுபடுகின்றன. நாமோ கோயிலைச் சுற்றி நடப்பவர்கள். சந்தைக்குப் போய் வருபவர்கள். இவ்வளவு உழைப்புக்கு நலமுள்ள ஒருவரின் உடலில் துணிக் கவசத்தால் நேரும் மாற்றம் மிகச் சிறிது. தவிப்பின் உணர்வு மட்டுமே பெரிது. அதேவேளையில் அந்த உணர்வைப் பொய் என்று தள்ளிவிடவும் கூடாது. உலகச் சுகாதார நிறுவனமே 2020ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், உடற்பயிற்சி செய்யும்போது முகக்கவசம் அணிய வேண்டா என்று அறிவுறுத்தியது. இயல்பாக மூச்சுவிடுவதற்கு அது இடையூறாகலாம். வியர்வையில் கவசம் விரைவில் நனைந்துவிடும். ஆகவே பிறரிடமிருந்து ஒரு மீட்டராவது விலகி நின்று பயிற்சி செய்வதே நல்லது என்பது அதன் கருத்து.

அன்று என் சோதனையைக் கொண்டே நான் மனநிறைவு கொண்டேன். ஊரில் பரவிய பொய்ச் செய்திக்கு ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புகளின்போது விளக்கமும் தந்தேன்.

நான் கேட்கத் தவறியது

நவம்பர் மாத இறுதியில் ஒருநாள் காலை உபதேசியாரின் மனைவி அறைவீட்டுக்கு வந்தார். அவர் என்னிடம் நேரில் வந்து பேசியது அதுவே முதல் முறை.

"சாமி, நீங்கள் கொஞ்சம் அவருக்குச் சொல்லுங்கள். கிணற்றடியிலிருந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வந்தாலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறார். கேட்டால், 'சாமி சோதித்துப் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை' என்கிறார்."

"வீட்டில் தண்ணீர் தூக்கும்போது முகக்கவசம் போட்டிருப்பாரா, அம்மா?" என்று கேட்டேன்.

"கிணற்றடியில் யார் சாமி அதைப் போடுவார்கள்?" என்றார் அவர்.

என் உள்ளம் திடுக்கிட்டது. குறிப்பேட்டை எடுத்துப் புரட்டினேன். எண்கள் இருந்தன. ஆனால் அந்தக் குறிப்பேட்டில் நான் எழுதாத ஒன்று நினைவுக்கு வந்தது. அன்று கவசத்தோடு நடந்தபோது உபதேசியார் ஆறாம் சுற்றில் நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். அதைத் துணியின் குற்றம் என்று எண்ணினேன். ஆனால் அதற்கு முன், கவசமின்றி நடந்தபோதும், ஏழாம் சுற்றில் அவர் செருப்பு வாரைச் சரிசெய்பவர்போல் குனிந்து சிறிது நேரம் நின்றாரே! அதை என் கண்கள் கண்டன. என் கருத்து காணவில்லை. விரலில் மாட்டிய கருவியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றே அவரை மாவட்டத் தலைநகரிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். இருதயத்துக்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்களில் ஒன்று பெரும்பாலும் அடைபட்டிருந்தது. குழாயை விரித்து, மீண்டும் அடைபடாதபடி ஸ்டென்ட் எனப்படும் நுண்ணிய கம்பிவலைக் குழலைப் பொருத்தினார்கள். ஐந்தாம் நாள் வீடு திரும்பினார்.

மருத்துவரிடம் என் சோதனையைப் பற்றிச் சொன்னேன். அவர் நகைக்கவில்லை. "நீங்கள் சொன்னது சரிதான், பாதர். முகக்கவசம் அவர் இரத்தத்தில் பிராணவாயுவைக் குறைக்கவில்லை. ஆனால் அந்தக் கருவி, இரத்தத்தில் பிராணவாயு இருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். அந்த இரத்தம் இருதயத் தசைக்குப் போய்ச் சேருகிறதா என்று சொல்லாது" என்றார்.

ஏரி நிறைந்திருக்கலாம். மடையில் அடைப்பு இருந்தால் கடைக்கோடி வயல் காயத்தானே செய்யும்? நான் ஏரிக்கரையில் நின்றுகொண்டு, நீர் நிறைய இருக்கிறது என்று வயற்காரருக்கு ஆறுதல் சொன்னவன் ஆனேன்.

துணிக் கவசம் அவருக்குச் செய்ததெல்லாம், மூச்சுத் தசைகளின் வேலையைச் சற்றுக் கூட்டி, நாடியைச் சற்று விரைவாக்கி, ஏழாம் சுற்றில் வெளிப்பட வேண்டிய நோயை ஆறாம் சுற்றிலேயே வெளிப்படுத்தியதுதான். அதை எச்சரிக்கை என்று ஏற்றிருக்க வேண்டும். ஊரார் துணியைக் குற்றவாளி என்றார்கள். நான் துணி குற்றமற்றது என்று நிலைநாட்டினேன். இந்த வழக்காட்டில், நெஞ்சைத் தடவிக்கொண்டு நின்ற மனிதரை ஊராரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

குடும்பங்களுக்குச் சில சொற்கள்

பெருந்தொற்றின் அவசர நிலை முடிவுற்றதாக உலகச் சுகாதார நிறுவனம் 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் அறிவித்தது. இன்று முகக்கவசம் கட்டாயமில்லை. ஆயினும் அது நம் வீடுகளை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. காசநோய்க்கு மருந்து உண்பவர்கள் அணிகிறார்கள். மருத்துவமனைக்குச் செல்வோர் அணிகிறார்கள். தூசியில் வேலை செய்வோர் துணி கட்டுகிறார்கள். எனவே சில கருத்துகளை நினைவில் கொள்வது நலம்.

முதலாவது, திறந்த வெளியில், கூட்டமில்லாத இடத்தில் நடப்பவருக்கும் ஓடுபவருக்கும் கவசம் தேவையில்லை. ஓடியாடும் குழந்தைகளின் முகத்தை மூடி வைக்காதீர்கள்.

இரண்டாவது, நோயின் பொருட்டோ பிறர் நலத்தின் பொருட்டோ கவசத்தோடு நடக்க வேண்டியிருந்தால் வேகத்தைக் குறையுங்கள். அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியாதிருக்கும். அதுவே மிதமான உழைப்பு. இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் தொடர்ந்து பேச முடியவில்லை என்றால் அது கடும் உழைப்பு. கவசத்தோடு அது வேண்டா. வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பு வளர்ந்தவர்களின் உடல்நலத்துக்குப் போதுமான தொடக்கம் என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட அளவு.

மூன்றாவது, துணி நனைந்தால் மாற்றுங்கள். மாற்றுத் துணி ஒன்று கையில் இருக்கட்டும். பயன்படுத்தியதைச் சோப்பிட்டுத் துவைத்து வெயிலில் உலர்த்துங்கள். தவிப்புத் தோன்றினால் தனித்து நின்று துணியை இறக்கி, முகத்தில் காற்றுப்படச் சற்று நேரம் இருங்கள்.

நான்காவது, ஆஸ்துமா, நாட்பட்ட நுரையீரல் நோய், இருதய நோய் உள்ளவர்கள் தாமாக ஒன்றை முடிவுசெய்யாமல் மருத்துவரைக் கேட்டே நடக்க வேண்டும்.

ஐந்தாவதே தலையாயது. துணியை இறக்கி ஓய்ந்த பிறகும் நீங்காத மூச்சுத்திணறல், துணியே இல்லாதபோதும் உழைத்தால் வந்து ஓய்ந்தால் போகும் நெஞ்சிறுக்கம், இடது தோளுக்கோ கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவற்றில் எது தோன்றினாலும், காரணம் துணிதான் என்று சொல்லிக்கொண்டு காத்திராதீர்கள். வயதாகிவிட்டது, வாய்வுக் கோளாறு என்றும் சொல்லிக்கொள்ளாதீர்கள். உடனே உட்காருங்கள், வலி நிற்கவில்லையானால் 108க்குச் சொல்லுங்கள். ஓய்ந்தால் போய்விட்டது என்றாலும் தாமதமின்றி மருத்துவரைப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு இருதய நோய் வலியில்லாமலும் வரக்கூடும் என்பதால் அவர்கள் இரட்டிப்பு விழிப்போடு இருக்க வேண்டும். உபதேசியார் வீடு திரும்பிய வாரமே நானும் என் இருதயத்தைப் பரிசோதித்துக்கொண்டேன்.

ஒரு சொல், அருள்பணியாளன் என்ற முறையில். ஆறுதல் சொல்வது எங்கள் பணி. முப்பது ஆண்டுகள் அதைச் செய்த பழக்கத்தில், எவரேனும் வாய் திறந்ததும் ஆறுதல் எங்கள் நாவில் வந்து நிற்கிறது. அன்று உபதேசியார் என்னிடம் கேட்டது துணியைப் பற்றி அன்று. தம் நெஞ்சைப் பற்றி. நேரே சொல்லக் கூச்சப்பட்டு, ஊரார் சொல்வதாகச் சொன்னார். "உமக்கு எப்படி இருக்கிறது?" என்று நான் திருப்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். இரண்டு மாதம் முன்னரே அவர் மருத்துவரிடம் போயிருப்பார். அந்த இரண்டு மாதங்களில் எந்த நாளும் கோயில் மணி அடிக்கப்படாமல் போயிருக்கக்கூடும் என்பதை நினைக்கும்போது இன்றும் எனக்கு உறக்கம் கலைகிறது.

உங்கள் வீட்டிலும் இப்படிக் கேட்பவர்கள் இருப்பார்கள். "அடுத்த வீட்டுக்காரருக்கு நெஞ்சு வலியாம்" என்று தொடங்கும் தந்தையர் உண்டு. "மாடிப்படி முன்பைவிட உயரமாகிவிட்டது" என்று நகைத்துக்கொண்டே உட்காரும் தாய்மார் உண்டு. அவர்கள் கேட்ட கேள்விக்கு விடை சொல்லுமுன், கேட்டவரின் முகத்தைப் பாருங்கள்.

உபதேசியார் இப்போதும் மாலையில் என்னோடு நடக்கிறார். பத்துச் சுற்றும் நிற்காமல் வருகிறார். முகத்தில் துணி இல்லை. சென்ற வாரம் பேச்சிடையே பழைய கதையை நினைவூட்டி, என்னை மன்னித்துவிடும் என்றேன். அவர் சிரித்தார்.

"கருவி சொன்னதும் சரிதான், சாமி. நீங்கள் சொன்னதும் சரிதான். நான்தான் என்னைப் பற்றிக் கேட்கிறேன் என்று சொல்லாமல் விட்டேன்" என்றார்.

பழியைத் தம்மேல் ஏற்றுக்கொள்வது அவர் பண்பு. அதை நான் ஏற்றுக்கொள்வது முறையாகாது. ஆகவேதான் வாசகர்களிடம் இதை எழுதி வைக்கிறேன்.